கால் சொல்லாததைக் கண் பார்க்கட்டும்

வேலூர்

அன்புள்ள கண்ணு,

சென்னைக்குப் போய் பேங்கில் மறுபடியும் சேர்ந்துவிட்டாய். போனில் எப்போது கேட்டாலும் "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்கிறாய். எனக்கு அந்தப் பதில் போதாது. விபத்தில் தண்டுவடம் டி-10 அளவில், அதாவது நெஞ்சுப் பகுதி முதுகெலும்பில் பத்தாவது எலும்பருகே, அடிபட்டதால் உனக்குத் தொப்புளுக்குக் கீழே உணர்வு இல்லை. அங்கே என்ன கெட்டாலும் உனக்குச் சேதி வராது. வலி செய்துகொண்டிருந்த காவல் வேலையை இனிமேல் உன் கண்ணும் கையும் கடிகாரமும்தான் செய்யவேண்டும். பாகாயம் மறுவாழ்வு மையத்தில் எல்லாம் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்பினார்கள். ஆனால் அங்கே ஆள் இருந்தார்கள், மணியடித்த மாதிரி எல்லாம் நடந்தது. தனியாக இருக்கும்போது எது முதலில் தவறும் என்று வார்டில் பார்த்துப் பழகியவள் நான். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

முதலில் தவறுவது தோல். காலையில் எழுந்ததும் ஒருமுறை, ராத்திரி படுக்கும் முன் ஒருமுறை, நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடியால் பார். உட்காரும் இரண்டு எலும்பு, வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால், கணுக்கால் முட்டி. புத்தகத்தில் "சிவந்திருக்கும்" என்று போட்டிருப்பான். நம் மாதிரி மாநிறத் தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியிருப்பதைவிடக் கருத்தோ ஊதா கலந்தோ தெரியும். தொட்டால் சூடாக, கெட்டியாக இருக்கும். அதனால் கண்ணால் பார்த்ததோடு விடாமல் புறங்கையாலும் தடவிப் பார். நிறம் மாறிய இடத்தின் மேல் பாரம் படாமல் அரைமணி நேரம் படு. மாற்றம் மறைந்துவிட்டால் சரி. மறையவில்லையென்றால் உள்ளே சதை ஏற்கெனவே கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அது முழுசாக மறையும்வரை அந்த இடத்தின் மேல் உட்காரவே கூடாது. லீவு போடு. இரண்டு நாள் லீவு பெரிசில்லை. எலும்புவரை போன படுக்கைப்புண்ணுக்கு மாசக்கணக்கில் குப்புறப் படுக்கவேண்டும், ஆபரேஷன்கூட வேண்டியிருக்கும். கருத்த இடத்தை எண்ணெய் போட்டுத் தேய்க்காதே. நசுங்கிய சதை இன்னும் நசுங்கும்.

பேங்கில் உட்கார்ந்திருக்கும்போது 20 நிமிஷத்துக்கு ஒருமுறை பாரத்தை மாற்று. போனை அதிர்வில் போட்டு வைத்துக்கொள், கவுன்டரில் யாருக்கும் தெரியாது. இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படித் தூக்கியபடி அரை நிமிஷம் தாக்குப்பிடிப்பதே கஷ்டம். நசுங்கிய இடத்துக்கு ரத்தம் திரும்பி வர இரண்டு நிமிஷமாவது வேண்டும், போதாக்குறைக்குத் தோள்மூட்டும் தேயும். மார்பு தொடையில் படுகிற அளவு முன்னால் குனிந்து இரண்டு நிமிஷம் இரு. குனிய முடியாத இடத்தில் மேசையில் முழங்கை ஊன்றி வலப்பக்கம், பிறகு இடப்பக்கம் சாய்.

வீல் சேரில் போட்டிருக்கும் காற்றுக் குஷனைத் தினமும் சோதிக்கவேண்டும். நீ உட்கார்ந்திருக்கும்போதே உள்ளங்கை மேலே பார்த்தபடி கையை அடியில் விட்டு, உட்காரும் எலும்பைத் தேடு. எலும்புக்கும் அடித்தளத்துக்கும் நடுவில் அரை அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம்வரை இடைவெளி வேண்டும். காற்று குறைந்தால் எலும்பு தட்டும். அதிகமானால் பந்துமேல் உட்கார்ந்த மாதிரி பாரமெல்லாம் ஒரே இடத்தில் விழும். நிறையப் பேர் அதிகக் காற்றடித்துத்தான் புண் வாங்கிக்கொள்கிறார்கள். காரில் வரும்போதும் குஷன் உன்னடியிலேயே இருக்கட்டும். சென்னையிலிருந்து வேலூர் மூன்று மணி நேரம். ஸ்ரீபெரும்புதூரிலும் வாலாஜாவிலும் வண்டியை ஓரம்கட்டச் சொல்லிச் சாய்ந்து கொடு.

துணிமணியிலும் கவனம் வேண்டும். பின்பாக்கெட், கெட்டித் தையல், குமிழ் உள்ள ஜீன்ஸ் வேண்டாம். துப்பட்டாவைத் தொங்கவிடாதே, சக்கரத்தில் சிக்கினால் கழுத்தை இழுக்கும். சாயங்காலம் பாதம் வீங்கும், அதனால் ஷூ ஒரு சைஸ் பெரிசாக இருக்கட்டும். ஆம்பூரிலிருந்து சித்தப்பா வாங்கித் தந்தது சரியான அளவு, அதனால்தான் அதைப் போடாதே என்கிறேன். போடும் முன் உள்ளே கைவிட்டுத் துழாவு. ஒரு சின்னக் கல் போதும்.

சூடு இன்னொரு எதிரி. காபி டம்ளரை, லேப்டாப்பை மடியில் வைக்காதே. குளிக்கும் தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்று. வெயிலில் நின்ற காரில் பெல்ட் கொக்கி தொடையில் பட்டாலே கொப்புளம் வரும். ஊரிலிருந்து பெரியம்மா வந்தால் செங்கல்லைச் சுடவைத்துக் காலுக்கு ஒத்தடம் கொடுக்கலாம் என்பார்கள். பாசத்தில் சொல்வதுதான், ஆனால் கண்டிப்பாக வேண்டாம். கால் வெந்தாலும் உனக்குத் தெரியாது. புத்தூர் கட்டுப் பேச்சு எடுப்பவர்களிடமும் தண்டுவடம் எலும்பு இல்லை, நரம்பு என்று மட்டும் சொல். ஸ்டெம் செல் போட்டு நடக்கவைக்கிறேன் என்று லட்சக்கணக்கில் கேட்கிற இடங்களும் இருக்கின்றன. தண்டுவடக் காயத்தை அது குணமாக்கும் என்று இதுவரை நிரூபணமாகவில்லை. அந்தப் பணத்துக்கு நல்ல வீல் சேரும் நல்ல குஷனும் வாங்கலாம்.

அடுத்தது மூத்திரம். உன் அளவில் அடிபட்டவர்களுக்கு மூத்திரப்பை தானாகச் சுருங்கும், ஆனால் வாசல் தசை அதே நேரத்தில் இறுக்கி மூடிக்கொள்ளும். உள்ளே அழுத்தம் ஏறி மூத்திரம் சிறுநீரகத்துக்கே திரும்பும். ஒரு காலத்தில் தண்டுவடம் அடிபட்டவர்கள் பெரும்பாலும் சிறுநீரகம் கெட்டுத்தான் போய்ச் சேர்ந்தார்கள். மூத்திரப்பைக்குள் மெல்லிய டியூப் போட்டு மூத்திரத்தை எடுக்கும் பழக்கம் வந்த பிறகுதான் அது மாறியது. ஆகவே 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை எடு. ஒரு தடவைக்கு 400 மில்லியைத் தாண்டக்கூடாது. மாசத்தில் ஒரு வாரமாவது அளவு மக்கில் பிடித்து நோட்டில் எழுது. 500, 600 என்று வந்தால் இடைவெளியைக் குறை. தண்ணீரைக் குறைக்காதே. ஒரு நாளைக்கு 2 லிட்டரைப் பகலில் சமமாகப் பிரித்துக் குடி, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சமாக. ஆபீஸ் பாத்ரூம் சரியில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் பெண்பிள்ளைகள் செய்வது. கல் வருவதும் சீழ் வருவதும் அதனால்தான்.

கையை சோப்பு போட்டுக் கழுவு, முன்னாலிருந்து பின்னால் துடை, டியூபின் நுனி எதிலும் படாமல் செலுத்து. தவறிப் பிறப்புறுப்புக்குள் போய்விட்டால் அதையே எடுத்துத் திரும்பப் போடாதே, வேறு டியூப் எடு. திரும்பப் பயன்படுத்தும் டியூபாக இருந்தால் உள்ளும் புறமும் சோப்புத் தண்ணீரில் கழுவி, ஓடும் தண்ணீரில் அலசி, முழுக்க உலர்ந்த பிறகே மூடி வைத்த டப்பாவில் போடு. ஈரத்தோடு மூடினால் கிருமிக்கு நாமே வீடு கட்டிக்கொடுத்த மாதிரி. மாதவிடாய் நாட்களில் ஒவ்வொரு முறை டியூப் போடும்போதும் பேடையும் மாற்று. ஈரமும் மடிப்பும் சேர்ந்தால் தோல் உரியும்.

மூத்திரம் கலங்கலாக, வாடையாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் போடாதே. டியூப் போடுகிற பெரும்பாலோருடைய மூத்திரத்திலும் கிருமி இருக்கும். காய்ச்சல், குளிர் நடுக்கம், இரு வேளைக்கு நடுவில் ஒழுகுவது, கால் இழுப்பு திடீரென்று அதிகமாவது, இவை வந்தால்தான் நோய்த்தொற்று. மாத்திரை தொடங்கும் முன் மூத்திரத்தைக் கல்ச்சருக்கு, அதாவது எந்தக் கிருமி என்று பார்க்கும் பரிசோதனைக்கு, கொடுத்துவிடு. கண்ட மருந்தையும் சாப்பிட்டுவிட்டுப் பிறகு கல்ச்சர் எடுத்தால் எந்த மருந்து கேட்கும் என்று கண்டுபிடிக்க முடியாது.

கால் இழுப்பைப் பற்றி ஒன்று. அது தொந்தரவுதான், ஆனால் உனக்கு இருக்கும் ஒரே அலாரமும் அதுதான். வழக்கத்தைவிட அதிகமானால் மாத்திரையை ஏற்றுவதற்கு முன் காரணத்தைத் தேடு: மூத்திரப்பை நிரம்பியதா, மலச்சிக்கலா, புண்ணா, கால் நகம் சதையில் குத்துகிறதா. இழுப்புக்குச் சாப்பிடும் பேக்லோஃபென் மாத்திரை தீர்ந்துபோய் நிற்கும் நிலை வரவே கூடாது. திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், நினைவு குழம்பலாம். ஒரு வாரத்துக்கு உள்ளது எப்போதும் கைப்பையில் தனியாக இருக்கட்டும்.

மலம் கழிக்கத் தினமும் ஒரே நேரம். சாப்பிட்டு அரைமணி நேரத்துக்குள் குடல் தானாக அசையும், அந்த நேரத்தைப் பிடித்துக்கொள். காலை டிபனுக்குப் பிறகு என்று பழகினாய், அதை மாற்றாதே. கமோடு சேரின் இருக்கைக்கு மெத்தை உறை வேண்டும், அதிலும் நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருக்காதே.

ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போ. ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கலாம், எலும்பு முறிந்தும் இருக்கலாம். நிற்காத காலில் எலும்பு மெலிந்துவிடும். கட்டிலில் ஏறும்போது பாதம் மாட்டி லேசாகத் திருகினாலே உடைகிறது, வலி தெரியாததால் நாட்கணக்கில் அப்படியே இருந்துவிடுகிறார்கள். ஏறி இறங்கும் முன் பாதம் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் 108ஐக் கூப்பிடு.

இனி உன் தோள்மூட்டுதான் உனக்குக் கால். கட்டில் உயரமும் வீல் சேர் இருக்கையும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். மேட்டுக்கு ஏறும் ஒவ்வொரு முறையும் தோளுக்குத்தான் அடி. சக்கரத்தைப் படபடவென்று தட்டித் தள்ளாதே. நீளமாகத் தள்ளி, கையைத் தளர்த்திக் கீழே கொண்டுபோய்ப் பின்னால் வா. வீட்டுக்காரர் வாசலில் போட்ட சரிவு செங்குத்தாக இருக்கிறது என்றாய். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இடமில்லையென்றால் நடுவில் ஒரு மேடை விட்டு மடக்கிக் கட்டச் சொல், செலவை நான் தருகிறேன்.

பேங்கில் யாராவது "வேறு வேலை பார்க்கலாமே, வீட்டில் இருக்கலாமே" என்று ஜாடையாகச் சொன்னால் வாங்கிக்கொண்டு வராதே. உன்னுடையது அரசுடைமை வங்கி. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 20: பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரை வேலையிலிருந்து நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது. அந்த வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தரவேண்டும். கவுன்டரை உன் உயரத்துக்குத் தாழ்த்தித் தரச் சொல்லி எழுத்தில் கேள், நகலை வைத்துக்கொள். டாக்டர் மேரி வர்கீஸ் 1954ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த பிறகு உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். நீ இருந்த பாகாயம் மறுவாழ்வு மையம் அவர் 1966ல் தொடங்கியது. கவுன்டர் தாழ்த்துவதைச் சலுகையாக நினைத்துக் கூச்சப்படாதே.

விபத்து இழப்பீட்டு மனு வேலூர் கோர்ட்டில் நடக்கிறது. டியூப், பேட், குஷன், டாக்ஸி, உதவிக்கு வரும் பெண்ணின் சம்பளம், எல்லாவற்றுக்கும் ரசீது வாங்கித் தேதிவாரியாக உறையில் போடு. ஊனச் சான்றிதழில் உள்ள சதவீதம் உடம்பின் ஊனத்தைச் சொல்வது. உன் சம்பாத்தியம் எவ்வளவு பாதிக்கப்பட்டது என்பதைத் தீர்ப்பாயம் தனியாகக் கணக்கிடவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. உனக்குத் தப்பிப்போன பதவி உயர்வின் காகிதங்களையும் வக்கீலிடம் கொடு. இன்ஷூரன்ஸ்காரர்கள் சமாதானத்துக்குக் கூப்பிட்டால், இனி வாழ்நாள் முழுக்க ஆகும் டியூப் செலவையும் சேர்க்காத தொகைக்குக் கையெழுத்துப் போடாதே.

சாயங்காலமானால் கால் எரிகிறது என்று ராத்திரி அழுதாய் என உன் சிநேகிதி சொன்னாள். உணர்வில்லாத காலில் எரிச்சல் எப்படி என்று குழம்பாதே, அடிபட்ட நரம்பு அனுப்பும் வலி அது. கற்பனை இல்லை. அதற்குத் தனி மாத்திரை உண்டு, சாதாரண வலி மாத்திரை கேட்காது. என்னிடம் மறைக்காதே கண்ணு.

வருஷத்துக்கு ஒருமுறை சிறுநீரக ஸ்கேனும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையும் பார்க்கவேண்டும். செக்கப்புக்கு வரும் தேதியை முன்னாலேயே சொன்னால் காட்பாடி ஸ்டேஷனுக்கு அப்பா வண்டியோடு வருவார். அளவு எழுதிய நோட்டு, மாத்திரைச் சீட்டு, ரசீது உறை மூன்றையும் எடுத்துக்கொண்டு வா. குஷனுக்குக் காற்றடிக்கும் பம்பை இங்கே அலமாரியிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். இன்றைக்கே கூரியரில் அனுப்புகிறேன், வந்ததும் போன் செய்.

அன்புடன்,
அம்மா