எந்தப் பிரிவு என்று கேட்டாயே

அன்புள்ள அம்மு,

முதல் வருடம் முடிவதற்குள் எந்த இன்ஜினியரிங் பிரிவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும், எதை எடுக்கலாம் என்று போனில் கேட்டாய். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நீ அனுப்பிய பாடத்திட்டத்தை ராத்திரி உட்கார்ந்து புரட்டினேன்.

பதினொரு பிரிவு! பெயர்களைப் படித்தாலே தலை சுற்றுகிறது. பெயரை விடு. மூன்றாம், நான்காம் செமஸ்டர் பாடங்களை மட்டும் அருகருகே வைத்துப் பார். மெக்கானிக்கலில் இருக்கும் வெப்ப இயக்கவியலும் பாய்ம இயக்கவியலும் கெமிக்கலிலும் இருக்கின்றன. மெக்கட்ரானிக்ஸில் பாதி மெக்கானிக்கல், மீதி சர்க்யூட்டும் கன்ட்ரோலும். பிரிவுகளுக்கு நடுவே இருக்கும் சுவர்களெல்லாம் பின்னால் எழுப்பியவைதானே. சிவில் என்றால் ராணுவம் சாராதது என்றுதான் முதலில் பொருள். இயந்திரக்காரர்கள் 1847இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் தங்களுக்கென்று தனிச் சங்கம் வைத்தார்கள். கெமிக்கலுக்கு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தனிப் படிப்பு வந்தது 1888இல்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வெந்நீர் பம்பு என்னைப் படுத்திய பாடு உனக்குச் சொன்னதில்லை. குழாய்க்குள் ஜல்லி ஓடுவது போலச் சத்தம். பேரிங்கை இரண்டு முறை மாற்றினேன், அலைன்மென்ட் பார்த்தேன். ம்ஹூம். தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் சக்கரமான இம்பெல்லரைக் கழற்றினால் கரையான் அரித்த மாதிரி குழி குழியாக இருந்தது. கெமிக்கல் படித்த தோழி வந்து ஒன்றே ஒன்று கேட்டாள்: "தண்ணீர் எத்தனை டிகிரி?" விஷயம் அதில்தான் இருந்தது. கொதிநிலையை நெருங்கிய தண்ணீர், பம்பின் வாயில் அழுத்தம் குறைந்ததும் அங்கேயே கொதித்துக் குமிழியாகிறது. உள்ளே அழுத்தம் கூடியதும் குமிழிகள் நசுங்குகின்றன. அந்த அடிதான் உலோகத்தைத் தோண்டியிருக்கிறது. பம்புக்குத் தண்ணீர் தரும் தொட்டியை உயரத்தில் ஏற்றி வைத்தோம், வாயில் அழுத்தம் கூடிச் சத்தம் நின்றது. அந்தப் பாடத்தை நானும் படித்துப் பாஸ் செய்தவள்தான். கேள்விதான் எனக்குத் தோன்றவில்லை.

கம்ப்யூட்டர் எடுத்தால் அடுத்த பிரிவை எட்டிப் பார்க்கும் இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்காதே. 1996இல் ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் கிளம்பி நாற்பது நொடிக்குள் சிதறியது. 64 பிட் இடம் பிடிக்கும் எண்ணை 16 பிட் இடத்துக்குள் திணித்த நிரல்தான் காரணம். ஏரியான் 4இல் அதே நிரல் ஒழுங்காக ஓடியது, புது ராக்கெட் பக்கவாட்டில் எடுத்த வேகம் அந்தப் பழைய ராக்கெட்டுக்குக் கிடையாது. உனக்கு நிரல் எழுதப் பிடிக்கும் என்றால் தாராளமாக எடு. தோழிகள் எல்லாரும் எடுக்கிறார்கள் என்பதற்காக மட்டும் வேண்டாம்.

இரண்டு விஷயம் அலுவலகத்தில் கேட்டு வை. இரண்டாம் வருடத்துக்குப் பிறகு பிரிவு மாற விடுவார்களா? நீ பார்க்கிற பிரிவுக்கு, ஒரு நாட்டின் இன்ஜினியரிங் படிப்பை மற்ற நாடுகள் ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தின் கீழ் அங்கீகாரம் உண்டா? பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாகத் தருவதில்லை அது, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. வேறு நாட்டில் வேலை பார்க்க நினைத்தால் அப்போது தேவைப்படும்.

அப்புறம், சீனியர் யாரிடமாவது நான்காம் செமஸ்டர் லேப் ரெக்கார்டு இரவல் வாங்கிப் படி. எந்தப் பிரிவின் ரெக்கார்டைப் பாதியில் மூடி வைக்கத் தோன்றவில்லை என்று எனக்குச் சொல். எலெக்டிவ் பட்டியல் இருக்கும் கடைசிப் பக்கம் படத்தில் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது, மறுபடி அனுப்பு.

அம்மா