முதுகுக்குள் ஒரு பேட்டரி

அன்புள்ள மணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தியின் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். ஆனால் பந்தியில் உட்கார முடியாமல் நீ நின்றுகொண்டே சாப்பிட்டாய் என்று தங்கை போனில் சொன்னதிலிருந்து எனக்கு மனது கேட்கவில்லை.

இரண்டு முறை முதுகில் கத்தி வைத்தும் கால்வரை இழுக்கும் வலி போகவில்லை. இப்போது தண்டுவடத்தருகே மின்கம்பி வைக்கலாம் என்கிறார்கள், இது என்ன புதுக் கூத்து என்று கேட்டிருந்தாய். புதிது இல்லையடா. தொடுவுணர்ச்சி நரம்புகளைத் தூண்டினால் தண்டுவடத்திலேயே வலிக்குக் கதவு சாத்தப்படும் என்று மெல்சாக், வால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1965-இல் எழுதினார்கள். இடித்துக்கொண்ட முழங்காலை நாம் தேய்த்துவிடுகிறோமே, அந்தக் கணக்குதான். 1967-இல் அமெரிக்காவில் நார்மன் ஷீலி என்ற மருத்துவர் ஒரு புற்றுநோயாளிக்கு, தண்டுவடத்துக்கு மின்துடிப்பு அனுப்பும் முதல் கருவியைப் பொருத்திவிட்டார். மின்முனையைச் செய்துகொடுத்தவர் மார்ட்டிமர் என்ற பொறியியல் மாணவர்! அந்தக் கதவுக் கொள்கையில் பிற்பாடு ஓட்டைகள் கண்டார்கள். கருவி மட்டும் நிலைத்துவிட்டது.

இதில் எனக்குப் பிடித்தது ஒத்திகைதான். ஊசி வழியாகக் கம்பியை மட்டும் உள்ளே விட்டு, கருவியை இடுப்புப் பட்டையில் வெளியே மாட்டி, ஒரு வாரம்போல வீட்டுக்கு அனுப்புவார்கள். வலி பாதியாவது குறைந்தால்தான் பேட்டரியைத் தோலுக்கடியில் புதைப்பது. இல்லையென்றால் கம்பியை உருவிவிடலாம். முன்னால் செய்த இரண்டு அறுவைகளில் உனக்கு இந்த வசதி இருந்ததா?

ஆனாலும் ஒரு வாரத்துச் சந்தோஷத்தை அப்படியே நம்பிவிடாதே. முதுகு அறுவைக்குப் பிறகும் கால்வலி தீராத 50 பேரிடம் நார்வேயில் ஓர் ஆய்வு செய்தார்கள், 2022-இல் வெளிவந்தது. எல்லோரும் ஒத்திகையில் தேறியவர்கள். கருவி ஓடிய மாதங்களுக்கும் சொல்லாமல் நிறுத்திவைத்த மாதங்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அது ஒரு வகை மின்துடிப்பை மட்டும் சோதித்த ஆய்வு. நொடிக்கு 10,000 துடிப்பு அனுப்பும் வகை வேறு. எந்த வகை என்று கட்டாயம் கேள்.

அந்த வாரம் கட்டிலில் கிடக்காதே. குனியாதே, பளு தூக்காதே என்பார்கள், கம்பி நகர்ந்துவிடும். மற்றபடி கடைத்தெருவரை நட, சாப்பாட்டுக்கு உட்கார், எவ்வளவு நேரம் முடிந்தது என்று தங்கையைக் குறித்துவைக்கச் சொல். உனக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. கிருமி தொற்றினால் எல்லாவற்றையும் எடுக்க வேண்டிவரும். ஆகவே முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவா. பேட்டரி எத்தனை வருடம் வரும், மாற்ற என்ன செலவாகும், எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்பதையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்.

தேதி தெரிந்ததும் சொல், வந்துவிடுகிறேன். சீட்டுக்கட்டை எடுத்து வை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ரம்மி ஆடுகிறாயா என்று நானே பார்க்கிறேன்.

உன்
ராமு