ரெஃபியூஜியத்துக்குள் ஆறு ஓடுகிறது: நீங்கள் விற்ற சம்ப் பற்றிய முறைப்பாடு

முகாமையாளர் அவர்களுக்கு,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

வணக்கம்.

400 லீற்றர் கடல்நீர்த் தொட்டிக்கென உங்களிடம் செய்வித்த மூன்று அறைச் சம்ப் (தொட்டியின் கீழே இருந்து தண்ணீரைச் சுத்தப்படுத்தித் திருப்பி அனுப்பும் கண்ணாடிப் பெட்டி) பற்றி எழுதுகிறேன். ஏழு தொலைபேசி அழைப்பு, மூன்று தடவை கடைக்கு அலைச்சல், ஒரு பதிலும் இல்லை. ஆகவே எழுத்தில் தருகிறேன்.

நடு அறை ரெஃபியூஜியம், அதாவது பாசியும் சிற்றுயிர்களும் வளரும் ஒதுக்கிடம், 40 லீற்றர். அது எதற்கென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கீட்டோ பாசி தண்ணீரில் சேரும் கழிவான நைத்திரேற்றையும் பொஸ்பேற்றையும் உறிஞ்ச வேண்டும், மீன் வாய்க்கு எட்டாமல் கோபிபொட்கள் எனும் நுண்ணிய கடலுயிர்கள் பெருக வேண்டும். மணித்தியாலத்துக்கு அறையின் கொள்ளளவைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 200 லீற்றர் போதும். உங்கள் பெட்டியிலோ தொட்டியிலிருந்து இறங்கும் வடிகுழாய்த் தண்ணீர் முழுவதும் ஸ்கிம்மர் (நுரையால் கழிவை அகற்றும் கருவி) அறையைத் தாண்டி, இதற்குள்ளாகவே, மேலே திருப்பி ஏற்றும் ரிட்டர்ன் பம்புக்குப் போகிறது. பம்பில் மணிக்கு 3000 லீற்றர் என்று அச்சிட்டிருக்கிறது. மேலே வரும் தண்ணீரைப் பிடித்துப் பார்த்தால் 10 லீற்றர் வாளி 18 விநாடியில் நிறைகிறது: மணிக்கு 2000. நாற்பதால் வகுத்துப் பாருங்கள். ஐம்பது தடவை!

கீட்டோ ஓரளவு வேகத்தைத் தாங்கும், உருண்டால் நல்லதும்கூட. இங்கே அது உருளவில்லை. தடுப்புக் கண்ணாடியின் பற்களில் சீப்பில் சிக்கிய தலைமுடிபோல அப்பிக்கிடக்கிறது. அறுந்த இழைகள் பம்பின் சுழலும் இம்பெல்லரைச் சுற்றுகின்றன. கோபிபொட்கள் நிலைகொள்ளுமுன்பே அடித்துச் செல்லப்படுகின்றன. அவற்றையே தின்று வாழும் மண்டரின் மீனின் வயிறு ஒட்டிப் பள்ளமாகிவிட்டது. நைத்திரேற்று 40 பிபிஎம் (பத்து இலட்சத்தில் 40 பங்கு) வரை ஏறிவிட்டது. ஒரு கடலையே கொன்றுவிட்டீர்கள்.

உங்கள் பற்றுச்சீட்டிலேயே "ரெஃபியூஜியத்துக்குத் தனி வழி, பால் வால்வுடன்" என்று எழுதியிருக்கிறது. ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்த வால்வு எங்கே, அந்த வழி எங்கே?

இதைக் கேட்டதற்கு உங்கள் சேவைப் பிரிவில் ஒருவர் சொன்ன பதில்: "பாசி வளர்க்கவா இவ்வளவு காசு குடுத்தீங்க? வடிகுழாய் வால்வைக் கொஞ்சம் மூடுங்க, ஓட்டம் குறையும்." சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தார். மரியாதையை விடுங்கள், அந்த ஆலோசனையைப் பாருங்கள். பம்ப் 2000 ஏற்றிக்கொண்டே இருக்க, வடிவதை 1000 ஆக்கினால் நிமிடத்துக்கு 16 லீற்றருக்கு மேல் தொட்டியில் ஏறும். மேலே தரையெல்லாம் உப்புத்தண்ணீர், கீழே பம்ப் வெறுமையில் ஓடி எரியும். ரிட்டர்ன் பக்கம் மூடி 200க்கு இறக்கினாலும் சரிவராது, ஸ்கிம்மருக்கும் தொட்டிக்கும் தண்ணீர் போதாது. மீன்தொட்டி விற்கிற நிறுவனத்துக்கு இது தெரியாதா?

பெட்டியைக் கொண்டுவரச் சொன்னதும் நீங்கள்தான். சம்பை வடித்து, குழாய்களைக் கழற்றி, வெள்ளவத்தையிலிருந்து வான் பிடித்து, காலி வீதி நெரிசலில் 90 சென்ரிமீற்றர் கண்ணாடியைக் கொண்டுவந்தால் "டெக்னீஷியன் இன்டைக்கு லீவு". காலையில் அதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே! ஐந்து மணித்தியாலம் தொட்டியில் சுற்றோட்டமே இல்லை, வெப்பம் 31 பாகை. வான் கூலியும் உங்கள் கணக்கில்தான்.

தயவுசெய்து ஒரு டீயும் (T வடிவக் குழாய் இணைப்பு) வால்வும் மட்டும் அனுப்பிச் சமாளிக்க வேண்டாம். அறைகள் இப்படி வரிசையாக இருக்கும்வரை பயனில்லை. ரெஃபியூஜியம் ஒரு முனை, ஸ்கிம்மர் மறுமுனை, நடுவில் ரிட்டர்ன் என்று தடுப்புகளை மாற்றி ஒட்ட வேண்டும். வடிகுழாயில் டீ வைத்து, பெரும்பங்கை ஸ்கிம்மருக்கும் 200 லீற்றரை வால்வு வழியாக ரெஃபியூஜியத்துக்கும் விட வேண்டும். கூடவே தந்த நீல விளக்கையும் மாற்றித் தாருங்கள். பாசிக்கு வெள்ளையும் சிவப்பும் கலந்த வெளிச்சம்தான் தேவை. இரவில் எரிய டைமரும் வேண்டும், அப்போதுதான் இருட்டில் தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) அதிகம் விழாது.

14 நாளுக்குள் மாற்றுப் பெட்டி, அல்லது முழுப்பணம். இரண்டில் ஒன்றை நீங்கள் நல்ல முறையில் செய்வீர்கள் என்றே நம்புகிறேன். இல்லையேல் பற்றுச்சீட்டுப் பிரதி, படங்கள், அழைப்பு நேரங்கள் எல்லாம் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் போகும்.

சிலிக்கோன் ஒட்டியபின் முழுதாகக் காயும்வரை அவசரப்பட்டுத் தண்ணீர் விட வேண்டாம். அதுவரை பாவிக்க ஒரு தற்காலிகப் பெட்டியும் கொடுத்துவிடுங்கள். இன்னொரு தடவை அந்த மீன்களைச் சுற்றோட்டம் இல்லாமல் விட முடியாது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06