குடியிருப்போர் சங்கம்: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவருக்கும் செயற்குழுவினருக்கும் அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, கோடை ஒன்றுகூடல், முதியோர் வீடுகளில் பனி அள்ளும் தொண்டு ஆகியவை வழமைபோல் நடந்தேறின. செயற்குழுவின் மிச்ச நேரத்தையெல்லாம் பேஸ்மென்ட் தண்ணீர் விழுங்கிவிட்டது.

யூலை 16ஆம் திகதி ரொறன்ரோவில் கொட்டிய மழையை மறந்திருக்க மாட்டீர்கள். பியர்சன் விமான நிலையத்தில் மட்டும் ஏறத்தாழ 98 மில்லிமீற்றர். ஸ்காபரோவில் எங்கள் தெரு வீடுகளில் பெரும்பாலானவை 1950களிலும் 60களிலும் கட்டியவை. கீழ்த்தளத்தில் பெற்றோரோ வாடகைக்கு ஒரு குடும்பமோ இருக்கிறார்கள். அன்று வேலை முடிந்து வந்தவர்கள் முதலில் வெளியே தூக்கியது மெத்தைகளைத்தான்.

மறுவாரம் ஏழு வீடுகளைப் போய்ப் பார்த்தோம். மூன்றில் தண்ணீர் சுவர் வழியாக வரவேயில்லை. தெருக் கழிவுநீர்க் குழாய் நிரம்பி, தரை வடிகாலால் மேலெழுந்திருக்கிறது. சுவரில் எதைப் பூசினாலும் இது நிற்காது. தெருக் கழிவுநீர் திரும்பி வந்தால் தானாக மூடிக்கொள்ளும் பின்னோட்டத் தடுப்பு வால்வு வேண்டும். ஒரு வீட்டில் வால்வு இருந்தும் வெள்ளம். அது மூடியிருந்த நேரத்தில் மேலே துணி துவைக்கும் இயந்திரம் ஓடியிருக்கிறது. வெளியேற வழியில்லாத சொந்தத் தண்ணீரே கீழே நிரம்பிவிட்டது.

மற்ற நான்கிலும் அத்திவாரத்தைச் சுற்றிப் புதைத்த வீப்பிங் டைல், அதாவது பழைய களிமண் குழாய், வேரும் மண்ணும் அடைத்துச் செத்துக் கிடந்தது. வடியாத நீர் சுவரை அழுத்தி வெடிப்பு வழியாக உள்ளே வருகிறது. அந்த நான்கில் ஒன்று என் வீடு. உட்சுவருக்கு நீர்த்தடுப்புப் பெயின்ட் இரண்டு முறை பூசி, பலகை அடித்து, கம்பளம் விரித்து அழகு பார்த்தவன் நான். பலகையைக் கழற்றினால் பின்னால் வெள்ளை உப்பும் கரும் பூஞ்சணமும். செப்டெம்பரில் வெளிப்புறத்தை அத்திவார அடிவரை தோண்டி, வெடிப்பை அடைத்து, ரப்பர்ப் பூச்சுப் பூசி, புதுக் குழாய் பதித்தோம். செலவை இங்கே சொன்னால் என் மனைவி எழுந்து போய்விடுவார்.

ஒக்ரோபர் கூட்டத்தில் காட்டிய சோதனையை வராதவர்களுக்காக மீண்டும் சொல்கிறேன். வெறும் சுவரில் ஒரு பொலித்தீன் துண்டை நான்கு பக்கமும் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் நனைந்தால் ஒழுக்கு. அறைப் பக்கம் நனைந்தால் காற்றிலுள்ள ஈரம், அதற்கு ஈரமகற்றி போதும்.

வால்வு, சம்ப் பம்ப் (கீழ்த்தளக் குழியில் சேரும் நீரை வெளியே இறைப்பது) ஆகியவற்றுக்கு நகரசபை 2024இல் வீட்டுக்கு 3,400 டொலர் வரை மானியம் தந்தது. மானியம் பெற, கூரைப் பீலிக் குழாய் சாக்கடையோடு இணைந்திருக்கக் கூடாது. வேலை செய்பவருக்கு உரிமம் வேண்டும். "தெரிந்த பையன்" மலிவாகச் செய்தான் என்று விண்ணப்பித்த இருவருக்கு ஒரு சதமும் கிடைக்கவில்லை. மின்சாரம் போனால் பம்பும் நிற்கும் என்பதால் பற்றரி வைத்ததை வாங்குங்கள். கழிவுநீர் மேலெழுவதற்கான காப்புறுதி பெரும்பாலும் தனியாகச் சேர்க்க வேண்டியது. பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்.

சங்கம் வாங்கிய ஈரப்பத அளவி நவம்பர் முதல் யாரிடம் இருக்கிறது என்று தெரியவில்லை. வைத்திருப்பவர் தேநீர் இடைவேளைக்குள் மேசையில் வைத்துவிட்டால் பெயர் கேட்க மாட்டேன். கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்