தேனீ வளர்க்காதவர்களுக்கும் பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தேனீ வளர்க்கக் கற்றுக்கொள்ள வழி இல்லாமல் இல்லை. 1920-களிலேயே மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. எங்கள் பகுதி ஆட்களுக்குப் பெட்டியில் தேனீ வளர்க்கச் சொல்லிக் கொடுத்தது. ஆனால் பெட்டி வைக்காத பக்கத்துத் தோட்டக்காரருக்கு இன்றுவரை யாரும் எதுவும் சொல்லித் தரவில்லை. தேனீ சாவது பெரும்பாலும் அங்கேதான்.

போன வருடம் பக்கத்துப் பாவல் பந்தலில் காலை ஒன்பது மணிக்கு மருந்து அடித்தார்கள். பாவல் பூ விடியும்போது விரியும். தேனீக்கள் மொய்க்கிற நேரம் அது. மதியத்துக்குள் என் பெட்டிகளின் வாசலில் தேனீக்கள் நாக்கை வெளியே நீட்டியபடி குவியலாகச் செத்துக் கிடந்தன. பக்கத்துக்காரர் பதறிவிட்டார். பெண் பூவின் அடியிலுள்ள சிறு பிஞ்சு, தேனீ மகரந்தம் கொண்டுவராவிட்டால் மஞ்சளாகி உதிர்ந்துவிடும் என்று பந்தலிலேயே காட்டினேன். பிஞ்சு உதிர்வதை உரக்குறை என்றே அவர் நினைத்திருந்தார். இப்போது பொழுது சாய்ந்த பிறகுதான் அடிக்கிறார்.

‘மாலையில் மருந்து அடியுங்கள்’ என்று பலகை வைத்தால் மட்டும் போதாது. புடலைப் பூ மாலையில்தான் விரியும், அதற்கு இரவில் அந்துப்பூச்சி வரும். அங்கே கணக்கே வேறு. ஆள் வந்து, பூவைக் காட்டிப் பேசினால்தான் இதெல்லாம் புரியும்.

ரப்பர் கொழுந்து விடும் தை முதல் பங்குனி வரை எங்களுக்குக் கவலையில்லை. இலைக்காம்பில் மூன்று இலைகளும் சேரும் இடத்தில் தேன் கசியும், பெட்டி நிறையும். ஆடி, ஆவணி மழையில்தான் திண்டாட்டம். சர்க்கரைப் பாகு வைத்து வளர்ந்த தேனீக்களைக் காப்பாற்றலாம். புழுக்களுக்கு மகரந்தம் வேண்டுமே! அதற்குத் தென்னம்பாளையும் பாதையோரத் தும்பையும் தொட்டாற்சிணுங்கியும்தான் கதி. சரியாக அந்த நேரத்தில் பாதையோரம் முழுக்கக் களைக்கொல்லி தெளித்துக் கருக்கிவிடுகிறார்கள். கொசுத்தேனீ, கருவண்டு, வண்ணத்துப்பூச்சி எல்லாவற்றுக்கும் அதுதானே சாப்பாடு.

அதனால் ஆகஸ்ட் 15 கிராம சபைக் கூட்டத்தில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். பாதையோரம் சுத்தம் செய்யும் நூறு நாள் வேலைக்காரர்கள், பூச்சிமருந்துக் கடைக்காரர்கள், கூலிக்கு மருந்து அடிப்பவர்கள் ஆகியோரை அவசியம் அழைக்க வேண்டும். பள்ளிகளில் பசுமைப் படை மாணவர்களைக் காலை ஏழு மணிக்கு ஒரு பூசணிக் கொடியின் முன் நிறுத்தினாலே போதும். எந்தப் பூவுக்கு எது வருகிறது என்று அவர்களே எழுதிவிடுவார்கள். அப்புறம் வீட்டில் மருந்து அடிக்கிற அப்பாவிடம் அவர்களே பேசுவார்கள்.

எந்த ஊராட்சியோ பள்ளியோ கூப்பிட்டாலும், கண்ணாடி பதித்த பெட்டியோடு வந்து பேச எங்கள் பகுதித் தேனீ விவசாயிகள் தயாராக இருக்கிறோம். செலவுக்குக்கூட எதுவும் தர வேண்டாம்.

– தேனீ விவசாயி ஒருவர்,
அருமனை, கன்னியாகுமரி மாவட்டம்.