சீட்டு மூலையில் எழுதிய குழாய்

கெடிலக்கரைத் தெருக்காரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வயிற்றுப்போக்கால் ஆஸ்பத்திரியில் இருந்த கடைசி ஆளும் நேற்று வீடு திரும்பிவிட்டார். நடந்தது உங்களுக்கே தெரியும். 108 ஆம்புலன்ஸ் ஊழியர்கள், நர்சம்மாக்கள், ராப்பகலாகச் சாக்கடை அடைப்பு எடுத்த தூய்மைப் பணியாளர்கள், வீடுவீடாக ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கொடுத்த பிள்ளைகள் எல்லோருக்கும் தண்ணீர் டேங்க் ஆப்பரேட்டர்களான எங்களின் கும்பிடு.

டாக்டரம்மாவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பொது மருத்துவத்தில் எம்.டி., அதற்கு மேல் பொதுச் சுகாதாரமும் படித்தவர். நாக்கு வறண்டிருக்கிறதா, கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனார் என்று பார்த்து, குடிக்க முடிந்தவருக்கு ஓ.ஆர்.எஸ்., முடியாதவருக்கு டிரிப்ஸ் என்று பிரித்தது முதல் படிப்பு. ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் ‘எந்தக் குழாய்த் தண்ணி?’ என்று கேட்டு எழுதிக்கொண்டது இரண்டாவது படிப்பு.

சீட்டுகளைத் தெருவாரியாக அடுக்கியதில் முக்கால்வாசி கோடிக் குழாயில் வந்து நின்றன. ஊரே எங்களைத்தான் கைகாட்டியது, டேங்க்கில் பிளீச்சிங் பவுடர் போடவில்லை என்று. டாக்டரம்மா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. “குளோரோஸ்கோப் இருக்கா? வாங்க பாத்துடலாம்” என்றார். தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரினை நிறத்தில் காட்டும் கருவி அது. டேங்க் தண்ணீரில் மஞ்சள் நிறம் சரியாக வந்தது. கோடிக் குழாயில் நிறமே இல்லை.

வால்வை மூடியதும் பைப்பில் அழுத்தம் இறங்கிவிடும். சாக்கடைக்குள் ஓடும் பைப்பில் ஜாயிண்ட் விட்டிருந்தால் அந்த நேரத்தில் கழிவுநீரை உள்ளே இழுக்கும். மிச்சமிருக்கும் குளோரினை அந்த அழுக்கே தின்றுவிடும். டேங்க்கில் மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் அங்கே போய்ச் சேராது. தோண்டிப் பார்த்ததில் ஜாயிண்ட் அப்படித்தான் இருந்தது. பழியோடு நின்ற எங்களுக்கு அந்த “வாங்க” பெரிய ஆறுதல்.

பவுடரை அப்படியே டேங்க்கில் கொட்டும் பழக்கம் எங்களில் சிலருக்கு உண்டு. அது எங்கள் தப்புதான். இனி 33 சதவீதக் குளோரின் உள்ள பவுடர் என்றால் 1,000 லிட்டருக்கு 4 கிராம், 30,000 லிட்டர் டேங்க்குக்கு 120 கிராம். வாளியில் களியாகக் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு தெளிவை மட்டும் ஊற்றுவோம். ஒரு மணி நேரம் கழித்துத்தான் வால்வைத் திறப்போம். பிரித்த மூட்டையை இறுகக் கட்டிவைப்போம். ஈரக்காற்று பட்டால் வீரியம் போய்விடும்.

கோடிக் குழாயில் மிச்சக் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறைந்தால் அன்றே பைப்பைப் பார்ப்போம். தினசரி அளவை டேங்க் சுவரில் சாக்பீஸால் எழுதிவைக்கிறோம் டாக்டரம்மா. இந்தப் பக்கம் வந்தால் பாருங்கள்.

— டேங்க் ஆப்பரேட்டர்கள், கடலூர்