குடியிருப்போர் நலச் சங்கம், ராயபுரம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மழைநீர் வடிகாலுக்காகக் கொடுத்த மனு இன்னும் மனுவாகவே இருக்கிறது. உருப்படியாக நடந்தது கொசு ஒழிப்பு வேலைதான்.

1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்ற மருத்துவர் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அந்த நாளையொட்டி மொட்டை மாடியில் கூட்டம் போட்டோம். ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன் ஒருவர் பேசினார். 2023-ல் உலகில் மலேரியாவுக்குப் பலியானவர்கள் சுமார் 5,97,000 பேர். நூற்றுக்கு 95 சாவு ஆப்பிரிக்காவில், அதில் முக்கால்வாசி ஐந்து வயதுகூட ஆகாத பிள்ளைகள்.

"அந்த ஊர்க் கதை நமக்கெதுக்கு சார்?" என்றார் ஓர் உறுப்பினர். பதில் சங்கடமானது. ஆப்பிரிக்க மலேரியா பெரும்பாலும் கிராமத்துக் குட்டைகளில் பிறப்பது. நம்மூர்க் கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் வளரும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்ற கொசு 2012-ல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் தென்பட்டது. பிறகு எத்தியோப்பியா, சூடான். நகரத்துக்கும் காய்ச்சலைக் கொண்டுபோகும் கொசு அது.

பேச வந்த டெக்னீஷியன் நல்ல சேதியும் சொன்னார். ஆக்ஸ்போர்டில் உருவான ஆர்-21 மலேரியாத் தடுப்பூசியை உலக சுகாதார நிறுவனம் 2023 அக்டோபரில் பரிந்துரைத்தது; தயாரிப்பது புனேயின் சீரம் நிறுவனம். ஆனால் நான்கு தவணை. கூலிக்குப் போகும் தாய் நான்கு முறை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடப்பது லேசான காரியமா என்பது என் கேள்வி.

மறுநாளே டார்ச்சோடு மாடி மாடியாக ஏறினோம். முதலில் மாட்டியது என் வீட்டு டேங்க். மூடி உடைந்து, பலகை போட்டு வைத்திருந்தேன். வெளிச்சம் பட்டதும் புழுக்கள் நீர்மட்டத்தோடு படுத்தபடி மிதந்தன. மலேரியாக் கொசுவின் புழு அப்படித்தான் கிடக்கும். சாக்கடைக் கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கும். "செயலாளர் வீடு என்று குறிப்பேட்டில் எழுதுங்க" என்றார் துணைத்தலைவர். எழுதினேன்.

கடைசி வீட்டுத் தம்பிக்குக் காய்ச்சல் திரும்ப வந்ததையும் சொல்ல வேண்டும். வைவாக்ஸ் வகை மலேரியா. காய்ச்சல் விட்டதும் நாலாம் நாளே பிரைமாகுயின் மாத்திரையை நிறுத்திவிட்டார். அட்டையில் பத்து நாள் மாத்திரை அப்படியே இருந்தது. கிருமி ஈரலில் பதுங்கியிருக்கும், 14 நாளும் விழுங்கினால்தான் போகும் என்று டாக்டர் சொன்னதை அவர் அம்மா இப்போது தெருவுக்கே சொல்லிவருகிறார்.

மூடியில்லாத டேங்க் இன்னும் மூன்று. வீட்டு எண்ணை வாசிக்கவில்லை, அவர்களுக்கே தெரியும். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஏணியோடு வருகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்